பெண் வீட்டுக் கல்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்குப் பால்வண்ணன் கல்லாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அதற்கு முன்பு அவர் ஐஸ் பிளான்ட் வைத்திருந்தார்.

தவறு யார்மீதும் இல்லை. சம்பந்தம் பேச வந்தவர்கள் கேட்டார்கள். அவர் பதில் சொன்னார்.

அந்தத் தீவில் பணம் கல்லாக இருந்தது. வட்டக் கல், நடுவில் ஓட்டை. சிறியது தாம்பாளம் அளவு. பெரியதன் பின்னால் ஒரு குடும்பமே மழைக்கு ஒதுங்கலாம். அரிசிக்கும் டீசலுக்கும் காகித நோட்டு போதும். கல்யாணம், சாவு, சண்டைக்குப் பிறகு சமாதானம், இவற்றுக்குத்தான் கல். அதை யாரும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும். இன்றிலிருந்து இது உங்களுடையது என்று ஊர் கேட்கச் சொன்னால் முடிந்தது. ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

பாதையோரம் கற்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. நடப்பவர்கள் அவற்றுக்கு வழி விட்டு நடந்தார்கள்.

இருப்பதிலேயே மதிப்பான கல்லை யாரும் பார்த்ததில்லை. கொண்டுவரும் வழியில் அது படகோடு மூழ்கிவிட்டது. இன்னும் செல்லும். அதற்கு அடுத்த கல் மலையிலிருந்து இன்னும் வெட்டப்படவே இல்லை. அதற்குள் பல கல்யாணங்களை முடித்துவைத்திருந்தது.

பால்வண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் ஐஸ் விற்கிறவருக்குக் கல் தேவைப்பட்டதில்லை. மீன்காரர்கள் வந்தார்கள், நோட்டைக் கொடுத்தார்கள், ஐஸை எடுத்துப் போனார்கள். ஐஸ் உருகியது. யாருக்கும் யாரும் எதுவும் ஆகவில்லை.

பிறகு மெசா வந்தான். எதிர்த் தீவுக்காரன். ஒரு பெட்டி ஐஸ் வாங்குவான். அது உருகி முடியும்வரை நின்று வடிவோடு பேசுவான். பிறகு இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு போவான். வடிவு பால்வண்ணனின் ஒரே மகள். அவனிடம் ஏதாவது குறை இருக்குமா என்று பால்வண்ணன் இரண்டு மழைக்காலம் தேடினார். கிடைக்கவில்லை.

சம்பந்தம் பேச மெசாவின் அத்தை திலோங் வந்தாள். கூடவே உறவினர் ஒரு படகு நிறைய. எல்லோருக்கும் தமிழ் தெரிந்திருந்தது. இந்தக் கல்யாணத்துக்காகவே வடிவிடம் கற்றிருந்தார்கள். அதனால் அது திருநெல்வேலித் தமிழாக இருந்தது. பாடம் இன்னும் உவமைவரை வரவில்லை.

"அண்ணாச்சி, எங்க வீட்ல இருந்து சிப்பி மாலை வரும், பாய் வரும், பன்னி வரும்," என்றாள் திலோங். "பொண்ணு வீட்ல இருந்து கல்லு வரணும். ஒங்க கல்லு எங்க?"

பால்வண்ணனிடம் கல் இல்லை. சம்பந்தம் பேசுகிற இடத்தில் இல்லை என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. அவர் ஊரில் அப்படித்தான். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு சிரித்தார்.

"கல்லுக்கு என்ன? குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேம்லா."

யாரும் சிரிக்கவில்லை. திலோங் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். எழுந்து ஒருமுறை சுற்றி வந்தாள். தோளில் விரல் முட்டியால் தட்டினாள்.

"எம்புட்டு நாளா ஒங்க வீட்ல இருக்கு?" என்று வடிவிடம் கேட்டாள்.

"அப்பா சும்மா சொல்லுதாவ."

"கல்லு விஷயத்துல யாரும் சும்மா சொல்ல மாட்டாவ தாயி." அவள் குரலில் மரியாதை கூடியிருந்தது. "கையில வச்சுக்கிட்டே வெளிய காட்டாம இருந்திருக்கிய. பெரிய மனசு."

பாயில் அவருக்கு அருகில் உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர் தலைக்கு மேல் கை நீட்டித் தேநீர்க் கோப்பையை வாங்கியவன் மன்னிப்புக் கேட்டான். கல்லிடம்.

பால்வண்ணன் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது மெசா தெரிந்தான். வாசலில் நின்றிருந்தான். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி. கல் இல்லாத வீட்டில் பெண் கேட்டு வந்திருக்கிறோமோ என்று அவன் பல நாளாகத் தூங்காதவன். பால்வண்ணன் தேநீரைக் குடித்தார்.

கல் பார்க்கிறவரை அழைத்துவந்தார்கள். அவருக்குச் சளி பிடித்திருந்தது. கையில் ஒரு மூங்கில் இருந்தது.

வீட்டிலிருந்து ஐஸ் அறைக்குப் போகும் நடை ஆறடி. அன்று ஊரே பார்க்க வந்ததால் நடை நீண்டு கடற்கரைவரை போயிற்று. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். கடைசியில் நின்றவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள்.

"ஓட்டை எங்க?" என்றார் கல் பார்க்கிறவர்.

பால்வண்ணன் சட்டையைக் கழற்றினார். கல் பார்க்கிறவர் குனிந்து அவர் நெஞ்சுக்குள் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இருக்கு. அந்தப் பக்கம் கடல் தெரியுது."

பால்வண்ணனுக்குக் கூச்சமாகப் போயிற்று. சட்டைக்குள் இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது என்றே இத்தனை காலமும் இருந்துவிட்டார்.

"எப்பம் போட்டது?"

"இவ அம்மை போன அன்னைக்கி."

"நல்ல ஓட்டை." விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். "ஓரம் மழுங்கியிருக்கு. மூங்கில் தாராளமா போகும். சரி, எப்படி வந்துச்சு இங்க?"

கல்லின் மதிப்பு அதன் அளவில் இல்லை. அது வந்த வழியில் இருக்கிறது. இது தீவில் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"கப்பல்ல," என்றார் பால்வண்ணன்.

"கொண்டாரும்போது எத்தனை பேரு செத்தாவ?"

"யாரும் சாவல."

"புயலு?"

"இல்ல. லேசா அலை."

"ஒண்ணுமே நடக்கலையா?"

பால்வண்ணன் யோசித்தார். "பக்கத்துல இருந்தவர் வாந்தி எடுத்தார்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவைதான்."

கல் பார்க்கிறவர் மூக்கைச் சிந்தினார். "சின்னக் கல்லு."

அந்தச் சொல் நடை வழியே போனது. கடற்கரையை அடைந்தபோது கூழாங்கல் ஆகியிருந்தது. தண்ணீரில் நின்ற சிலர் வீட்டுக்குப் போகத் திரும்பினார்கள்.

"சின்னக் கல்லுக்குப் பொண்ணு எடுக்க முடியாது அண்ணாச்சி," என்றாள் திலோங். வருத்தமாகத்தான் சொன்னாள். "ஒரு வாழைத்தார் மாத்திக்கிடலாம்."

வடிவு மெசாவைப் பார்த்தாள். மெசா தரையைப் பார்த்தான்.

சற்று முன்புவரை பால்வண்ணனுக்குக் கல்லாக விருப்பமில்லை. இப்போது சின்னக் கல் என்றதும் சுருக்கென்றது.

"ஏன், நான் சும்மாவா வந்தேன்?" என்றார். "எம்மவளத் தூக்கிட்டு வந்தேன். வழி பூரா அவளுக்குக் காய்ச்சல். நெத்தியில ஐஸ் வச்சுக்கிட்டே வந்தேன். ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது."

"கல்லு தூக்காது," என்றார் கல் பார்க்கிறவர். "கல்லைத்தான் தூக்கணும்."

"நான்தான் தூக்கிட்டு வந்தேன்," என்றாள் வடிவு.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பால்வண்ணனும் பார்த்தார்.

"அம்மை போன பொறவு அப்பா உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கல. பேச மாட்டாவ. ஊட்டுனாத்தான் உண்டு. இங்க ஐஸ் பிளான்ட்டுல வேலை இருக்குன்னு சித்தப்பா டிக்கெட் எடுத்துக் கொடுத்தாவ. நான்தான் கையைப் பிடிச்சு எழுப்பினேன். பஸ்ஸுல ஏத்தி, எறக்கி, கப்பல்ல ஏத்தினேன். அப்பம் எனக்கு ஒம்பது வயசு."

"காய்ச்சலு?" என்றார் கல் பார்க்கிறவர்.

"அது நெசந்தான். அப்பாட்ட சொல்லல."

"ஐஸு?"

"ஐஸ் ஏது கப்பல்ல? அப்பா கையை எடுத்து நானே நெத்தியில வச்சுக்கிட்டேன். அப்படி ஜில்லுன்னு இருக்கும் அப்பம்."

பால்வண்ணன் தன் கையைப் பார்த்தார். பனிக்கட்டியைத் துணியில் சுற்றியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. துணியின் நிறம்கூட. நீலம்.

கல் பார்க்கிறவர் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார்.

"ஒத்தையாவா?"

"ஒத்தையாத்தான்."

"காய்ச்சலோட."

"ம்."

அவர் மூங்கிலைத் தூக்கி உயர்த்திப் பிடித்தார். "ஒம்பது வயசுப் பிள்ளை ஒத்தையா, காய்ச்சலோட, கடல் தாண்டிக் கொண்டாந்த கல்லு. பெரிசு."

சொல் நடை வழியே ஓடியது. கடற்கரையை அடைந்தபோது மலை ஆகியிருந்தது. திரும்பிப் போனவர்கள் ஓடிவந்தார்கள். யாரோ மணியைப் பார்த்தார்கள். மூன்று இருபது.

பால்வண்ணனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கல் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் போக வேண்டும். மகள் போகிற வீடும் அதுதான். அவர் மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினார். வேட்டி இரண்டு, பழைய ரேடியோ.

"அப்பம் நான் என்னைக்கி வரணும் அங்க?" என்று கேட்டார்.

"எங்க?"

"எதிர்த் தீவுக்கு."

"கல்லு எங்கயும் போகாது," என்றார் கல் பார்க்கிறவர். "கல்லோட பேருதான் போகும்."

பால்வண்ணன் பெட்டியைப் பிரித்தார்.

"இன்னொண்ணு. மணி அடிச்சதும் இது பேசக் கூடாது. நகரக் கூடாது. பொண்ணு ஏறுன படகு அக்கரை சேருத வரைக்கும். அதுக்கு நடுவுல வாயைத் தெறந்தா இது கல்லு இல்ல. கல்லு இல்லன்னா கல்யாணம் இல்ல. படகு திரும்பிரும்."

"என்ன பேசினா?" என்றாள் வடிவு.

"என்ன பேசினாலும். நல்லா இருன்னு சொன்னாலும்."

"கல்லுக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்," என்றாள் திலோங்.

"கல்லுகிட்ட கேக்கப்பிடாது."

மணியடிக்க ஒருவன் சங்கை எடுத்தான். அந்தத் தீவில் மணியைச் சங்கால் அடிப்பார்கள். பால்வண்ணன் மெசாவைப் பார்த்தார். அவன் கையில் ஐஸ் பெட்டி இருந்தது. எப்போது வாங்கினான் என்று தெரியவில்லை. அது முழுவதும் உருகி அவன் பாதத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. வடிவையே பார்த்துக்கொண்டிருந்தான். வடிவு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சொல் போதும். அவள் கடைசிவரை இந்த வீட்டிலேயே இருப்பாள்.

மணி அடித்தது. பால்வண்ணன் வாயை மூடினார். கல்லாக அவர் செய்த முதல் காரியம் அது.

அவரைப் பாதையோரம், வரிசையின் கடைசியில், சீமைப்பலா மரத்தில் சாய்த்தார்கள். பக்கத்துக் கல் சற்றே நகர்ந்து இடம் கொடுத்தது. கல் நகராது என்பதால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் இடது தோளில் பாசி பிடித்திருந்தது. வடிவு நகத்தால் சுரண்டப் போனாள். திலோங் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடு தாயி. பாசி நல்லது. மதிப்புக் கூடும்." ஐஸ் பிளான்ட் தானாக ஓடியது. அன்றைக்கு வந்த பாளம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை இருந்தது. இதுதான் மீனுக்கு நன்றாகக் குளிர்கிறது என்றார்கள்.

கல்யாணத்துக்குச் சுற்றியிருந்த மூன்று தீவிலிருந்தும் ஆள் வந்தது. எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, கிட்டே வந்து உள்ளங்கையை வைத்தார்கள். அவர்கள் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவு பேர் தன்னைத் தொட்டு அவருக்கு வெகுகாலம் ஆகிறது.

எல்லோரும் நல்லவர்கள் இல்லை. மெசாவுக்குத் தன் பெண்ணைக் கொடுக்க நினைத்திருந்த ஒருவன் வந்தான். பெயர் கொரோர. சுற்றிச் சுற்றி வந்தான்.

"கல்லு கண்ணைச் சிமிட்டுது."

"வெயிலு," என்றாள் திலோங்.

"வேர்க்குது."

"எல்லாக் கல்லும் வேர்க்கும். நீ விடியக்காலம் எந்திரிச்சிருந்தா பாத்திருப்ப."

கூட்டம் சிரித்தது. கொரோர பால்வண்ணன் முகத்துக்கு நேராகக் குனிந்தான். வாயில் வெற்றிலை வாசம்.

"இவர் ஐஸ் சீக்கிரம் உருகிருது," என்றான் உரக்க. "ஐஸுல தண்ணி கலக்குதாராம்."

பால்வண்ணனின் காது சிவந்தது. தொழிலில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஐஸுக்குள் தண்ணியைக் கலப்பது எப்படி என்று கேட்க நாக்கு பரபரத்தது. பதில் தொண்டைவரை வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார். அது ஓட்டை வழியாகப் பின்பக்கம் போய் மண்ணில் விழுந்தது. அந்த இடத்தில் ஒரு நண்டு எட்டிப் பார்த்தது.

கொரோர போய்ப் பன்றிக்கறி சாப்பிட்டான்.

கல்லைக் கொடுக்கும் நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. பெண் வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து கொடுக்க வேண்டும். பெண் வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருவர் கல். தன்னைத் தானே எந்தக் கல்லும் கொடுத்துக்கொண்டதில்லை.

"அப்பம் பொண்ணுதான் கொடுக்கணும்," என்றார் கல் பார்க்கிறவர்.

பால்வண்ணன் இந்தக் காட்சியைப் பல வருடமாக மனசுக்குள் பார்த்து வைத்திருந்தார். அதில் மகளின் கையைப் பிடித்துக் கொடுப்பது அவர். கண் கலங்கும். துண்டால் துடைத்துக்கொள்வார். அதற்காக ஒரு புதுத் துண்டுகூட வாங்கி வைத்திருந்தார்.

வடிவு கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். சிப்பி மாலை போட்டிருந்தாள். அவள் அம்மாவின் அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். வாயைத் திறந்தாள்.

"இன்னையில இருந்து இது ஒங்க கல்லு," என்றாள். "பத்திரமா வச்சுக்கிடுங்க. மழையில நனையக் கூடாது. சளி பிடிச்சிரும்."

கல்லுக்குச் சளி பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. கல் பார்க்கிறவர் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினார்.

பிறகு பெயரைத் தூக்க எட்டு ஆண்கள் வந்தார்கள்.

மூங்கிலை அவர் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். ஒருவன் ஏலேலோ என்றான். மற்றவர்கள் ஐலசா என்றார்கள். அதையும் வடிவுதான் கற்றுக்கொடுத்திருந்தாள். மூங்கிலில் எதுவும் தொங்கவில்லை. ஆனால் அது நடுவில் வளைந்தது. ஆட்களின் கழுத்து நரம்பு புடைத்தது. பாதிவழியில் ஒருவனுக்குக் கால் இடறியது. மூங்கில் சரிந்தது. அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அலறினான். விரல் நசுங்கியிருந்தது.

"பாத்து, பாத்து! பால்வண்ணன் விழுந்திருவார்!"

மரத்தடியில் இருந்தவர் திரும்பப் போனார். கடைசி நேரத்தில் கழுத்தை அசையாமல் நிறுத்திக்கொண்டார். அது தன்னைச் சொன்னதல்ல என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று.

பெயரைப் படகில் இறக்கினார்கள். படகு விளிம்புவரை தண்ணீருக்குள் போனது. நான்கு பேர் ஓடி மறுபக்கம் உட்கார்ந்து சரிசெய்தார்கள். படகு மெதுவாக நகர்ந்தது. அது போனபின் மரத்தடியில் இருந்தவருக்கு உடம்பு லேசாக இருந்தது. காற்றடித்தால் பறந்துவிடுவோமோ என்று இருந்தது. அவர் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

இனி பெண்ணின் படகு மட்டும் பாக்கி.

புறப்படும் பெண் பாதையோரக் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, அது யாருடையது என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால்தான் அவள் ஊரை மறக்கவில்லை என்று ஆகும். வடிவு தொடங்கினாள். இது தச்சர் வீட்டுக் கல்லு. இது கொரோர வீட்டுக் கல்லு, இது அவன் தம்பி செத்ததுக்கு வந்தது. இது ரெண்டு வீட்டுக்கும் பொது, சண்டை இன்னும் தீரல. ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசிக் கல்லுக்கு வந்தாள். உள்ளங்கையை வைத்தாள்.

அவள் கை கொதித்தது. காய்ச்சல். சொல்லவில்லை போலிருக்கிறது, இப்போதும்.

"இது மெசா வீட்டுக் கல்லு," என்றாள்.

"சரி," என்றார் கல் பார்க்கிறவர்.

அவள் நகர வேண்டும். நகரவில்லை. கையை எடுத்தாள். அப்படியே முழங்காலிட்டு, நெற்றி மண்ணில் படக் குனிந்து, அவர் பாதத்தைத் தொட்டாள். தீவுக்காரர்களுக்கு அது புதிது. அவளுக்கு ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் தேட உதவினார்கள்.

மரத்தடியில் இருந்தவரின் வலது கை தானாக எழப் பார்த்தது. அவர் அதை மரப்பட்டையோடு அழுத்திக்கொண்டார். பட்டை பெயர்ந்து பால் கசிந்தது.

"தாயி, தண்ணி இறங்குது," என்றாள் திலோங். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "இப்பம் ஏறலன்னா படகு தரை தட்டிரும்."

கடல் காத்திருந்தது. முடிந்தவரை காத்திருந்தது. பிறகு ஓரடி பின்வாங்கியது. மெசா இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொரோரகூட மென்றதை நிறுத்திவிட்டான்.

வடிவு எழுந்தாள். நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாலு அடி போனாள். நின்றாள். திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போயிட்டு வரட்டாப்பா?" என்றாள்.